ஆல்டோ லியோபோல்ட்

ராண்ட் ஆல்டோ லியோபோல்ட் (ஜனவரி 11, 1887 – ஏப்ரல் 21, 1948) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வனவியலாளர், காட்டுயிரியலாளர், எழுத்தாளர், பேராசிரியர். மனிதன் நிலத்தின் உடைமையாளன் அல்லன், நிலம் என்னும் சமூகத்தின் உறுப்பினன் என்ற இவரது நில அறக் கோட்பாடு சூழலியல் சிந்தனையில் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. இவர் வாழ்நாள் முழுவதும் வேட்டைக்காரராகவும் இருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. நாற்பது வயதை ஒட்டி வில்வித்தையில் ஈடுபாடு கொண்ட இவர், தான் வாழ்ந்த விஸ்கொன்சின் மாநிலத்திலிருந்து நியூ மெக்சிகோ மாநிலத்தின் பொதுக் காடுகளுக்கும், பின்னர் மெக்சிகோ நாட்டின் மலைகளுக்கும், தன் கையால் செய்த வில்லுடன் மான் வேட்டைக்குச் சென்றுவந்தார். இப்பயணங்களில் இவர் கண்டவை, இளமையில் இவர் கொண்டிருந்த கொள்கை ஒன்றைத் தலைகீழாக மாற்றின.

இளமையும் கல்வியும்

லியோபோல்ட் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் நகரில், செருமானிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை கார்ல் லியோபோல்ட் எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். தாயார் கிளாரா ஸ்டார்க்கர். தந்தையே இவருக்கு வேட்டையைக் கற்பித்தார். வசந்த காலத்தில் கூடு கட்டச் செல்லும் வாத்துகளைச் சுடுவது அன்று சட்டப்படி தடை செய்யப்படவில்லை. எனினும் கார்ல் லியோபோல்ட் அவ்வேட்டையைத் தாமாகவே கைவிட்டார். சட்டம் அனுமதிப்பது வேறு, செய்யத்தக்கது வேறு என்ற இப்பாடம் மகனின் எழுத்துகளில் பல இடங்களில் தலைகாட்டுகிறது.

நியூ ஜெர்சியில் உள்ள லாரன்ஸ்வில் பள்ளியிலும் பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்ற இவர், 1909 ஆம் ஆண்டில் யேல் வனவியல் பள்ளியில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார்.

வனத்துறைப் பணி

முதற்பணி அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காட்டில் அமைந்தது. அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் அப்போது மாநிலங்கள் ஆகியிருக்கவில்லை. ஆட்சிப் பகுதிகளாகவே இருந்தன. 1911 இல் இவர் வடக்கு நியூ மெக்சிகோவின் கார்சன் தேசியக் காட்டுக்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் அதன் கண்காணிப்பாளர் ஆனார். 1912 அக்டோபர் 9 அன்று சாண்டா பே நகரில் எஸ்டெல்லா பெர்கெரே என்பவரை மணந்தார்.

1913 வசந்தத்தில் ஆட்டு மந்தை உரிமையாளர்களின் மேய்ச்சல் தகராறு ஒன்றைத் தீர்க்கக் குதிரையில் சென்றபோது மழையிலும் பனியிலும் பல நாட்கள் நனைந்தார். உடல் வீங்கியது. சிறுநீரக அழற்சி என்று கண்டறியப்பட்டது. உயிர் பிழைத்தாலும் ஓராண்டுக்கும் மேல் பணிக்குத் திரும்ப இயலவில்லை. கடினமான களப்பணி இனி ஆகாது என்ற நிலையில் அல்புகெர்க்கி நகரில் இருந்த மண்டல அலுவலகத்தில் அமர்த்தப்பட்டார். 1915 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்பு இவர் பொறுப்பில் வந்தது. இவரது பிற்காலப் புகழுக்கும், பிற்காலத்தில் இவர் வருந்திய பிழைக்கும் இப்பொறுப்பே தொடக்கம்.

ஓநாயும் மானும்

அக்காலத்தில் தென்மேற்கு அமெரிக்காவில் மான்கள் மிகவும் அருகியிருந்தன. சுரங்க முகாம்களுக்கு இறைச்சி விற்போரும், சட்டத்தைப் பொருட்படுத்தாத வேட்டைக்காரர்களும், கால்நடைகளால் அழிந்த மேய்ச்சல் நிலமும் அதற்குக் காரணங்கள். லியோபோல்ட் நியூ மெக்சிகோவின் ஊர்தோறும் சென்று வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கங்களை ஏற்படுத்தினார். பைன் கோன் என்ற செய்தித்தாளை நடத்தினார். வேட்டை முற்றிலும் விலக்கப்பட்ட காப்பிடங்கள், நேர்மையான காவலர்கள், கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்ற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துதல் ஆகியவற்றை வலியுறுத்தினார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் 1917 இல் இப்பணியைப் பாராட்டி இவருக்குக் கடிதம் எழுதினார்.

இக்கோரிக்கைகளுடன் மற்றொன்றும் சேர்ந்திருந்தது. ஓநாய்களையும் மலைச்சிங்கங்களையும் கடைசி விலங்கு வரை ஒழிக்கவேண்டும் என்பதே அது. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், ஓநாயே இல்லையெனில் அது வேட்டைக்காரனின் சொர்க்கம் என்ற எளிய கணக்கை இவரும் நம்பினார். 1909 இல் அப்பாச்சிக் காட்டில், ஆற்றுக்கு மேலிருந்த பாறை விளிம்பிலிருந்து தன் குழுவினருடன் சேர்ந்து ஓநாய்களைச் சுட்டிருந்தார். அந்நிகழ்ச்சியைப் பற்றி இவர் கட்டுரையாக எழுதியது 35 ஆண்டுகளுக்குப் பின்னரே ஆகும். 1920-களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கத் தென்மேற்கில் ஓநாய் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. அதனைச் செய்தவர் இவர் ஒருவர் அல்லர். அரசு வேட்டைக்காரர்களும் கால்நடைப் பண்ணையாரும் முன்னின்றனர். எனினும் வேட்டைக்காரர் தரப்பின் ஆதரவைத் திரட்டியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஹீலா வனாந்தரம்

தேசியக் காடுகளில் சாலைகள் விரைந்து நுழைந்த காலம் அது. மோட்டார் வண்டி செல்லாத பெரும்பரப்பு எதுவும் எஞ்சாது என்பதை உணர்ந்த லியோபோல்ட், 1921 இல் வனவியல் இதழ் ஒன்றில் வனாந்தரம் பற்றிய கட்டுரை எழுதினார். வனாந்தரம் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்பதற்கு இவர் தந்த அளவுகோல் ஏக்கரில் அமையவில்லை. பொதிக்குதிரைகளுடன் இரண்டு வாரம் பயணம் செய்யும் அளவுக்கு விரிந்ததாகவும், சட்டப்படியான வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் திறந்ததாகவும், சாலைகளும் விடுதிகளும் அற்றதாகவும் அது இருக்கவேண்டும் என்றார். ஒரு நீண்ட வேட்டைப் பயணமே இங்கு அளவுகோலாக இருப்பது குறிப்பிடத்தக்கது.

1922 இல் ஆய்வுப் பணிக்காக ஹீலா தேசியக் காட்டுக்குச் சென்ற இவர், அதன் ஊற்றுப் பகுதியை இவ்வாறு ஒதுக்குமாறு திட்டம் அளித்தார். 1924 ஜூன் 3 அன்று மண்டல வன அதிகாரி பிராங்க் பூலர் அதனை ஏற்றார். சுமார் 7,55,000 ஏக்கர் பரப்பு சாலையற்ற வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. தேசியக் காட்டுக்குள் இவ்வகையில் அமைந்த முதல் பகுதி இதுவே. லியோபோல்ட் அச்செய்தியைத் தூரத்திலிருந்துதான் கேட்டார். சில நாட்களுக்கு முன்னரே விஸ்கொன்சின் மாநிலத்தின் மாடிசன் நகருக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்திருந்தார். அங்கிருந்த வனப்பொருள் ஆய்வகத்தின் துணை இயக்குநர் பதவி இவருக்குக் கிடைத்திருந்தது.

வில்வித்தை

மாடிசனில் நான்காண்டுகள் இவர் பார்த்தது மரத்தைப் பலகையாகவும் கூழாகவும் காணும் வேலை. காட்டையே விரும்பிய இவருக்கு அது உவப்பாக இல்லை. ஆனால் மரக்கட்டையின் இயல்பை நுணுகி அறியும் வாய்ப்பு வாய்த்தது. 1920-களின் நடுவில் வில் செய்யத் தொடங்கினார்.

அமெரிக்காவில் வில்வேட்டை அப்போதுதான் புத்துயிர் பெற்றிருந்தது. 1911 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு அருகே தன் இனத்தார் அனைவரையும் இழந்து தனியாக வந்து சேர்ந்த யாஹி இனத்தவரான இஷி, சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்குத் தன் வில்முறையைக் கற்பித்தார். இஷி 1916 இல் காலமானார். போப் 1923 இல் வெளியிட்ட வில்வேட்டை நூல் நாடெங்கும் படிக்கப்பட்டது. அதன் பின் பலர் வீட்டுப் பட்டறைகளில் வில் செய்ய முற்பட்டனர்.

வில்லுக்குச் சிறந்ததாகக் கொள்ளப்பட்ட மரங்கள் யூ மரமும் ஓசேஜ் ஆரஞ்சும் ஆகும். யூ மரத்தில் வெளிறும் வைரமும் சேர்ந்தே இருக்குமாறு கட்டையைப் பிளப்பர். வில் வளையும்போது அதன் முதுகு இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. இழுவையைத் தாங்கும் வெளிறு முதுகாகவும், நசுக்கத்தைத் தாங்கும் வைரம் உட்புறமாகவும் அமையுமாறு செதுக்குவர். ஒரே கட்டையில் இரு பொருட்கள் இயற்கையாக ஒட்டியிருப்பது போன்றது இது. எங்கேனும் ஓரிடத்தில் மெல்லிய சீவல் கூடுதலாகப் போய்விட்டால் வில் அவ்விடத்தில் மட்டும் வளைந்து முறியும். லியோபோல்ட் மாலை நேரங்களை இவ்வேலையில் கழித்தார். அம்புத் தண்டு, இறகு, நாண் அனைத்தும் வீட்டிலேயே உருவாயின.

குடும்பம் முழுவதும் இதில் ஈடுபட்டது. கணவரை விட மனைவியே சிறந்த வில்லாளர் என்பதில் ஐயமில்லை: எஸ்டெல்லா விஸ்கொன்சின் மாநிலப் பெண்கள் வில்வித்தைப் பட்டத்தைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றார்.

துப்பாக்கி இருக்க வில் எதற்கு என்ற கேள்விக்கு லியோபோல்டின் கட்டுரைகளில் விடை உண்டு. கடைகளில் விற்கும் கருவிகள் வேட்டைக்காரனின் திறமைக்குத் துணையாக இல்லாமல் மாற்றாக ஆகிவிட்டன என்பது இவரது நெடுநாளைய குறை. மேலும் வேட்டையில் நடுவர் இல்லை, பார்வையாளரும் இல்லை. ஆகவே தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடுகளே அதன் அறம் என்று கருதினார். வில் அத்தகைய கட்டுப்பாடுகளில் ஒன்று.

வெளிமாநில வேட்டைப் பயணங்கள்

1927 நவம்பரில் லியோபோல்ட் மாடிசனிலிருந்து ஹீலாவுக்கு வில்வேட்டைக்குச் சென்றார். 1929 இல் தம்பி கார்லுடனும் மூத்த மகன் ஸ்டார்க்கருடனும் மீண்டும் சென்றார். ஸ்டார்க்கருக்கு அப்போது வயது 16. மாடிசனுக்கும் ஹீலாவுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவு. தான் பாதுகாக்கப் பாடுபட்ட காட்டுக்கு இவர் இப்போது அதிகாரியாகச் செல்லவில்லை. அனுமதி பெற்ற வெளிமாநில வேட்டைக்காரர்களில் ஒருவராகச் சென்றார்.

அமெரிக்க வேட்டை முறை பற்றி இங்குச் சிறிது கூறவேண்டும். தேசியக் காடு நடுவண் அரசின் உடைமை. எந்த மாநிலத்தவரும் அதில் நுழையலாம், கூடாரம் அடிக்கலாம். தனியார் நிலத்தில் போல எவரிடமும் இசைவு கேட்கத் தேவையில்லை. ஆனால் அங்கு மேயும் மான் அவ்வம் மாநிலத்தின் பொறுப்பில் உள்ளது. எந்த நாட்களில், எந்தப் பாலின மானை, எந்தக் கருவியால் வேட்டையாடலாம் என்பதையும், உரிமக் கட்டணத்தையும் மாநிலமே முடிவு செய்கிறது. மாநிலங்கள் உள்ளூராரிடம் குறைவாகவும் வெளிமாநிலத்தவரிடம் அதிகமாகவும் கட்டணம் பெறுவது நெடுங்கால வழக்கம். இவ்வேறுபாடு செல்லும் என உச்ச நீதிமன்றம் 1978 இல், மொன்டானா மாநிலத்தின் எல்க் மான் உரிமம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே வெளிமாநிலப் பொது நிலத்துக்கு வேட்டைக்குச் செல்பவர் இரண்டு அரசுகளின் விதிகளையும் அறிந்திருக்கவேண்டும். காட்டுக்குள் வேட்டை மறுக்கப்பட்ட காப்பிடங்களின் எல்லைகளையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளவேண்டும். லியோபோல்டுக்கு இது கடினமாக இருந்திருக்காது. அவ்விதிகளில் சிலவற்றுக்காகப் போராடியவரே இவர்தான்.

பயணத் திட்டத்தின் மற்றப் பகுதிகளை வில் தீர்மானித்தது. துப்பாக்கியுடன் செல்பவர் பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் நிற்கும் மானைச் சுடலாம். மர வில்லுடன் செல்பவர் முப்பது நாற்பது அடி எடுப்புகளுக்குள் நெருங்கவேண்டும். மானின் மோப்பத்துக்கு அகப்படாமல் காற்றுக்கு எதிராகவே அணுகவேண்டும். மலைப்பகுதியில் காலையில் காற்று ஒரு திசையிலும் வெயில் ஏறியபின் சரிவின் மேல் நோக்கியும் வீசும். ஆகவே முகாம் அமைக்கும் இடம், புறப்படும் நேரம், ஏறும் பாதை அனைத்தும் காற்றைப் பொறுத்தவை. அம்பு குண்டைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. குருதி இழப்பால் கொல்கிறது. எய்த பின் அமைதியாகக் காத்திருந்து, குருதித் துளிகளைப் பின்பற்றித் தேடவேண்டும். இவை ஒன்றிரண்டு நாட்களில் ஆகும் காரியங்கள் அல்ல. இரண்டு வார உணவு, போர்வைகள், உதிரி நாண்கள், நனையாமல் காக்கவேண்டிய இறகுகள் ஆகிய அனைத்தும் பொதிக்குதிரைகளில் ஏற்றப்பட்டன. வனாந்தரத்துக்கு இவர் தந்த இரண்டு வார அளவுகோல் வெறும் கற்பனை அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒவ்வொரு வேட்டையிலும் நாட்குறிப்பு எழுதுவது லியோபோல்டின் பழக்கம். எத்தனை மான்கள் தென்பட்டன, அவற்றில் ஆண் எத்தனை, எவ்வளவு தொலைவில், எந்தச் செடியைக் கடித்திருந்தன, காற்று எத்திசை, அம்பு எங்குத் தவறியது என்றெல்லாம் குறித்துவைத்தார். இக்குறிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை மகன் லூனா 1953 இல் ரவுண்ட் ரிவர் என்ற நூலாகத் தொகுத்து வெளியிட்டார். வேட்டைக் கதைகளில் வழக்கமாகக் காணும் பெருமிதம் அவற்றில் இல்லை. நழுவவிட்ட வாய்ப்புகளையும் இவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். நெருங்கிச் சென்று, பல மணி நேரம் அசையாமல் அமர்ந்து பார்க்கவேண்டிய கட்டாயத்தை வில் ஏற்படுத்தியதால், இவரது குறிப்புகள் மான் கணக்கெடுப்பு அறிக்கைகளை விடச் செறிவாக உள்ளன எனலாம்.

நார்த் ஸ்டார் சாலை

ஹீலாவில் மான்கள் மிகுந்திருந்தன. முதற்பார்வைக்கு அது இவரது பத்தாண்டு உழைப்பின் வெற்றி. ஆனால் மான்களுக்கு எட்டும் உயரம் வரை புதர்களும் இளமரங்களும் கடிபட்டிருந்தன. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் 1920-களில் மான்கள் பெருகிப் பட்டினியால் மடிந்த செய்தியும் அப்போது பரவலாக அறியப்பட்டிருந்தது. (கைபாப் மான்களின் எண்ணிக்கை பற்றிப் பாடநூல்கள் பல காலம் தந்த புள்ளிவிவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என 1970 இல் கிரேம் காகிலி என்ற காட்டுயிரியலாளர் காட்டினார். கொன்றுண்ணிகள் நீங்கியது மட்டுமே காரணம் என்பதையும் அவர் ஏற்கவில்லை.)

வனத்துறை எடுத்த நடவடிக்கை லியோபோல்டைக் கடுமையாகப் பாதித்தது. ஹீலா வனாந்தரத்தின் உட்பகுதிக்குக் குதிரையில் வந்து சேரும் வேட்டைக்காரர்கள் மிகச் சிலரே. அவர்களால் பெருகிவிட்ட மான்களைக் குறைக்க இயலவில்லை. எனவே கூடுதல் வேட்டைக்காரர்கள் வண்டியிலேயே வந்து சேருவதற்காக வனாந்தரத்தின் ஊடே வடக்குத் தெற்காக ஒரு சாலை அமைக்கப்பட்டது. நார்த் ஸ்டார் சாலை எனப்படும் அது வனாந்தரத்தை இரண்டாகப் பிளந்தது.

நிகழ்ச்சிகளின் தொடர்பு தெளிவானது. வேட்டைக்காரனுக்கு மான் வேண்டும் என்று ஓநாயை ஒழிக்கச் சொன்னவர் லியோபோல்ட். அதே வேட்டைக்காரனுக்குச் சாலையற்ற காடு வேண்டும் என்று கேட்டுப் பெற்றவரும் இவரே. முதல் கோரிக்கை நிறைவேறியதன் விளைவு இரண்டாவதைக் கெடுத்தது. தன் நூலுக்காக 1947 இல் எழுதிய முன்னுரை ஒன்றில் இதற்குத் தானும் பொறுப்பு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டுள்ளார். அம்முன்னுரை இவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1987 இல்தான் அச்சேறியது.

பேராசிரியர் பணி

1928 இல் வனத்துறையை விட்டு நீங்கிய லியோபோல்ட், துப்பாக்கி மற்றும் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பின் நிதியுதவியுடன் வட-மத்திய மாநிலங்களின் வேட்டை விலங்குகளை ஆய்வு செய்து 1931 இல் அறிக்கை வெளியிட்டார். 1933 இல் வேட்டை விலங்கு மேலாண்மை குறித்த இவரது பாடநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் இவருக்கென இத்துறையில் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

1934 இல் விஸ்கொன்சின், சாக் மற்றும் கொலம்பியா மாவட்டங்களில் வில்வேட்டைக்கெனத் தனி மான் பருவத்தை அறிவித்தது. நவீன காலத்தில் இத்தகைய பருவம் அமைத்த முதல் மாநிலம் விஸ்கொன்சின் ஆகும். இதற்காக வாதிட்ட வில்லாளர்களுள் லியோபோல்டும் ஒருவர். சாக் மாவட்டத்தில் வில்வேட்டைக்குத் தங்குமிடம் தேடியபோதுதான், விஸ்கொன்சின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட 80 ஏக்கர் பண்ணை ஒன்று இவருக்குக் காட்டப்பட்டது. 1935 இல் அதனை வாங்கினார். வீடு எரிந்துபோயிருந்தது. மிஞ்சியிருந்த கோழிக்கொட்டகையைக் குடும்பத்தினர் தூய்மைப்படுத்தித் தங்கத் தொடங்கினர். வேட்டை முகாமாக எண்ணி வாங்கிய அந்நிலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டதே பின்னர் இவர்களின் முதன்மை வேலை ஆயிற்று. 1936 ஆம் ஆண்டின் வறட்சியில் கன்றுகளில் பெரும்பாலானவை கருகின. மீண்டும் நட்டனர்.

1935 இலையுதிர் காலத்தில் செருமனிக்குச் சென்று அந்நாட்டுக் காடுகளைப் பார்த்தார். வேலியிட்ட மரக்கன்றுகள், தீவனம் போட்டு வளர்க்கப்படும் மான்கள், அடிச்செடிகளே இல்லாத வெறுமையான ஊசியிலைக் காடு ஆகியவற்றை அங்குக் கண்டார். அதே ஆண்டில் வனாந்தரச் சங்கம் என்ற அமைப்பு உருவானபோது அதன் நிறுவனர்களுள் ஒருவர் ஆனார்.

ரியோ கவிலான்

1936 செப்டம்பரில் நண்பர் ஒருவருடன் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்கு வில்வேட்டைக்குச் சென்றார். மேற்குச் சியரா மாத்ரே மலைத்தொடரில் ஓடும் கவிலான் ஆற்றங்கரையில் முகாம் அமைத்தனர். 1937 டிசம்பரில் கார்லுடனும் ஸ்டார்க்கருடனும் மறுபடியும் சென்று 1938 ஜனவரியில் திரும்பினார்.

இம்மலைகள் ஹீலாவுக்கு வெகு தொலைவில் இல்லை. அதே பாறை, அதே கருவாலி மரங்களும் பைன் மரங்களும், ஏறத்தாழ அதே மழை. ஆனால் அமெரிக்கப் பக்கத்தில் ஓடைகள் மண்ணை அரித்துக்கொண்டு ஓட, இங்கு ஆறு தெளிந்திருந்தது. கரைகளில் புல் நின்றது. அப்பாச்சி மக்களின் மீதிருந்த அச்சமும், அதன் பின் வந்த மெக்சிகோப் புரட்சியும் கால்நடைப் பண்ணைகளை நெடுங்காலம் இப்பகுதிக்குள் விடவில்லை. அடிக்கடி எழும் சிறு தீக்களை எவரும் அணைக்கவில்லை. வெண்வால் மான்கள் நிறைய இருந்தன, ஆனால் புதர்கள் அழிந்திருக்கவில்லை. ஓநாய்களும் மலைச்சிங்கங்களும் அங்கு இன்னும் வாழ்ந்தன. பைன் மரங்களில் தடித்த அலகுடைய கிளிகள் கூட்டமாக இரைந்தன.

நோயற்ற நிலம் எப்படி இருக்கும் என்பதை அதுவரை தான் கண்டதே இல்லை என்றும், கண்டவை எல்லாம் நோயுற்ற நிலங்களே என்றும் பின்னர் எழுதினார். ஓநாய் உள்ள மலையில் மானும் செடியும் நலமாக இருப்பதை வில்லுடன் அமர்ந்து நேரில் கண்ட பின், பழைய கணக்கை இவரால் ஏற்க முடியவில்லை. 1937 இல் இது பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

விஸ்கொன்சின் மான் சர்ச்சை

இம்மாற்றத்தைப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1940-களின் தொடக்கத்தில் விஸ்கொன்சினின் வடபகுதிக் காடுகளில் மான்கள் குளிர்காலத்தில் பட்டினியால் இறந்துகொண்டிருந்தன. லியோபோல்ட் தலைமையில் அமைந்த குடிமக்கள் குழு அப்பகுதிகளை நேரில் பார்த்து, பெண்மான்களையும் வேட்டையாடி மொத்த எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. பெண்மானைச் சுடலாகாது என்று ஒரு தலைமுறைக்கு முன் நியூ மெக்சிகோவில் ஊர் ஊராகப் பேசியவர் இவர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

1943 இல் இவர் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு ஆண்மான்களுக்குச் சில நாட்களும், கொம்பற்ற மான்களுக்குச் சில நாட்களுமாகப் பருவம் பிரித்து அறிவிக்கப்பட்டது. சுமார் 1,28,000 மான்கள் வேட்டையாடப்பட்டன. மக்கள் கொதித்தனர். மான்களைக் காப்பதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு செய்தித்தாள் இவரையும் ஆணையத்தையும் இதழ்தோறும் தாக்கியது. அடுத்த ஆண்டே ஆணையம் பின்வாங்கியது. லியோபோல்ட் தன் கருத்திலிருந்து மாறவில்லை. ஆனால் இறக்கும் வரை அவ்வாணையத்தில் பெரும்பாலும் தோற்கும் பக்கத்திலேயே இருந்தார்.

இதே காலத்தில், இவரது முன்னாள் மாணவரும் ஓவியருமான ஆல்பர்ட் ஹோக்பாம் கடிதங்கள் வழியே இவரை நெருக்கினார். இவரது கட்டுரைகள் எப்போதும் பிறர் பிழைகளையே பேசுகின்றன, தன் பிழையை இவர் எங்கும் சொல்லவில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. அதன் பயனாகவே 1944 ஏப்ரலில், அரிசோனாவில் சுட்ட ஓநாயைப் பற்றிய கட்டுரையை லியோபோல்ட் எழுதினார். இறந்துகொண்டிருந்த தாய் ஓநாயின் கண்களைக் கண்டதையும், அன்று தான் இளைஞனாக இருந்து நம்பியது தவறு என்பதையும் அதில் கூறுகிறார். கட்டுரையைப் படிப்போர் அக்கணத்திலேயே இவர் மனம் மாறிவிட்டதாக எண்ணக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. சுட்ட பின்னும் பல ஆண்டுகள் ஓநாய் ஒழிப்பை இவர் ஆதரித்தார் என்பதை மேலே கண்டோம்.

மறைவும் பின்னரும்

கட்டுரைத் தொகுப்பைப் பல பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1948 ஏப்ரல் 14 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, பண்ணைக்கு அருகில் அயலார் நிலத்தில் பற்றிய புல் தீயை அணைக்கச் சென்ற லியோபோல்ட் மாரடைப்பால் இறந்தார். வயது 61. உடல் பர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டது. லூனா பதிப்பு வேலைகளை முடிக்க, எ சாண்ட் கவுண்டி அல்மனாக் என்ற பெயரில் 1949 இல் நூல் வெளிவந்தது. தொடக்கத்தில் மிதமாகவே விற்ற அந்நூல் 1960-களின் இறுதியில் மலிவுப் பதிப்பாக வந்தபின் பெரும் புகழ் பெற்றது.

லியோபோல்ட் இணையருக்கு ஐந்து பிள்ளைகள்: ஸ்டார்க்கர், லூனா, நினா, கார்ல், எஸ்டெல்லா. ஐவரும் அறிவியல் அல்லது இயற்கைப் பாதுகாப்புத் துறைகளில் ஈடுபட்டனர். ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா ஆகிய மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தாயார் எஸ்டெல்லா 1975 இல் காலமானார். கடைசி மகள் எஸ்டெல்லா 2024 இல் மறைந்தார்.

1964 இல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டத்தின்கீழ் ஹீலா வனாந்தரம் நாடாளுமன்றப் பாதுகாப்பைப் பெற்றது. 1980 இல் நார்த் ஸ்டார் சாலைக்குக் கிழக்கே, பிளாக் ரேஞ்ச் மலைகளில் உள்ள பகுதி ஆல்டோ லியோபோல்ட் வனாந்தரம் எனப் பெயரிடப்பட்டது. 1998 இல் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட 11 மெக்சிகோ ஓநாய்கள் அரிசோனாவின் அப்பாச்சிக் காட்டில் விடுவிக்கப்பட்டன. அவற்றின் வழிவந்தவை பின்னர் ஹீலாவிலும் பரவின. இரு வனாந்தரங்களுக்கும் நடுவே நார்த் ஸ்டார் சாலை செப்பனிடப்படாத மண்பாதையாக இன்றும் உள்ளது. இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கு வருவோர் அதன் வழியே செல்கின்றனர்.